மிசோ தொட்டியில் ஐந்து துணிகள்: ஹகமாடா வழக்கு 58 ஆண்டுகள் இழுத்தது எப்படி?

ஜப்பானியர்கள் அன்றாடம் சூப்பில் கரைத்துக் குடிக்கும் மிசோ, புளிக்க வைத்த ஒரு விழுது. சோயா பீன்ஸை வேகவைத்து மசித்து, உப்பும் பூஞ்சை வளர்த்த தானியமும் சேர்த்து, பெரிய தொட்டிகளில் மாதக்கணக்கில் மூடி வைப்பார்கள். நாள் ஆக ஆக அதன் நிறம் கறுத்துக்கொண்டே போகும். சாம்பார் சிந்திய வெள்ளை வேட்டியை ஒரு வாரம் கவனிக்காமல் விட்டவர்களுக்குக் கறையின் குணம் தெரியும். அதே வேட்டியை ஓராண்டுக்கு மேல் மிசோவுக்குள் புதைத்து வைத்தால் என்ன ஆகும்? துணி என்ன நிறத்தில் வெளியே வரும்? அதில் ரத்தம் பட்டிருந்தால் அந்த ரத்தம் சிவப்பாகவே இருக்குமா?

அடுப்படியில் நிற்கும் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் சொல்வார்கள். ஜப்பானிய நீதித்துறை அந்தப் பதிலை முறைப்படி ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் இவாவோ ஹகமாடா என்ற மனிதர் தூக்குத் தண்டனைக் கைதியாகவே கிழவராகிவிட்டார்.

1966 ஜூன் 30 அதிகாலை, ஷிசுவோகா மாகாணத்தின் ஷிமிசு ஊரில் ஒரு மிசோ கம்பெனியின் நிர்வாக இயக்குநர் வீடு தீப்பிடித்து எரிந்தது. தீயை அணைத்த பிறகு உள்ளே நான்கு உடல்கள் கிடந்தன. இயக்குநர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். நான்கு பேர் உடம்பிலும் கத்திக்குத்துக் காயங்கள். ஹகமாடாவுக்கு அப்போது 30 வயது. அந்தக் கம்பெனியில்தான் வேலை, தொழிற்சாலையை ஒட்டிய விடுதியில்தான் தங்கல். அதற்கு முன் தொழில்முறை குத்துச்சண்டை வீரராக இருந்தவர். 1960-ல் ஒரே ஆண்டில் 19 பந்தயங்களில் ஏறியிருக்கிறார். அந்தக் காலத்து ஜப்பானில், பந்தயம் விட்டுப்போன குத்துச்சண்டைக்காரன் என்றால் ரவுடி என்ற நினைப்பு பலருக்கும் இருந்தது. போலீசுக்கும் இருந்தது. ஆகஸ்ட் 18-ம் தேதி கைது செய்தார்கள்.

ஜப்பானில் குற்றப்பத்திரிகை போடுமுன் ஒருவரை 23 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்கலாம். விசாரணை அறைக்குள் வழக்கறிஞர் உட்கார முடியாது. ஹகமாடாவை நாளொன்றுக்குச் சராசரியாக 12 மணி நேரம் விசாரித்தார்கள். சில நாள் அதற்கும் மேல். கழிப்பறைக்கு விடாமல், விசாரணை அறையிலேயே பாத்திரம் வைத்து முடிக்கச் சொன்னதும் நடந்திருக்கிறது. அந்த நாட்களில் அவர் வழக்கறிஞரைப் பார்த்தது மூன்றே முறை, எல்லாம் சேர்த்து 37 நிமிடம். அந்தச் சந்திப்பில் பேசியதையும் போலீஸ் ஒலிப்பதிவு செய்திருந்தது. இதெல்லாம் வெளியே தெரிந்தது எப்படி என்றால், போலீஸ் கிடங்கில் கிடந்த பழைய ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் கழித்துக் கிடைத்ததால்தான்.

செப்டம்பர் 6-ம் தேதி அவர் 'ஒப்புக்கொண்டார்'. மூன்று நாளில் குற்றப்பத்திரிகை. நீதிமன்றத்தில் நின்றதும், நான் செய்யவில்லை என்றார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் மாற்றவே இல்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாக நீதிமன்றத்தில் செல்லாது. அந்த விதியை வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள், காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜப்பானில் அப்படி அடியோடு தடை கிடையாது. தானாக விரும்பிக் கொடுத்ததா என்று மட்டும் நீதிபதி பார்ப்பார். ஹகமாடா பெயரில் மொத்தம் 45 வாக்குமூலங்கள் எழுதப்பட்டிருந்தன. ஒன்றில் இருக்கும் விவரம் இன்னொன்றில் இருக்காது. 44-ஐ நீதிமன்றம் தள்ளிவிட்டு, அரசு வழக்கறிஞர் பதிவு செய்த ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டது. அதே ஆளிடம், அதே நாட்களில், அதே காவலில் வாங்கியவைதான் அத்தனையும். 44 கெட்டுப்போன பானையில் ஒரு பருக்கை மட்டும் எப்படி நன்றாக இருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்த ஒரு வாக்குமூலத்தில் அவர் கொலையின்போது பைஜாமா அணிந்திருந்ததாக இருக்கிறது. அரசுத் தரப்பும் ஓராண்டாக அப்படித்தான் வழக்கு நடத்தியது. அவருடைய பைஜாமாவில் ரத்தக்கறை இருப்பதாகச் சொன்னார்கள். நான்கு பேரைக் குத்திக் கொன்றவரின் உடுப்பு என்று நம்பும்படியான அளவில் அந்தக் கறை இல்லை. வழக்கு தள்ளாட ஆரம்பித்த நேரம்.

1967 ஆகஸ்ட் 31-ம் தேதி, கொலை நடந்து 14 மாதம் கழித்து, தொழிற்சாலையின் ஒரு தொட்டியிலிருந்து மிசோவை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளியின் கையில் ஒரு சாக்குப்பை தட்டுப்பட்டது. உள்ளே ஐந்து துணிகள்: ஒரு பேண்ட், இரண்டு சட்டை, இரண்டு உள்ளாடை. எல்லாவற்றிலும் ரத்தம். கொலை நடந்த சில நாட்களிலேயே போலீஸ் அந்தத் தொழிற்சாலையைச் சோதனை போட்டிருந்தது. அப்போது இந்தப் பை அகப்படவில்லை.

அடுத்த சில நாட்களில் ஹகமாடாவின் பெற்றோர் வீட்டைச் சோதித்து, பேண்டின் காலை வெட்டித் தைத்தபோது மிஞ்சும் துண்டுத்துணி ஒன்றை எடுத்தார்கள். தொட்டியில் கிடைத்த பேண்டுக்கு அது பொருந்தியது. சரி, பேண்ட் அவருடையதுதான் என்று ஆகிவிட்டது. அரசுத் தரப்பு கதையை மாற்றியது. கொலை செய்தபோது போட்டிருந்தது இந்த ஐந்து துணி, பிறகுதான் பைஜாமாவுக்கு மாறினார் என்றது. 1968 செப்டம்பர் 11-ம் தேதி ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஏற்றுக்கொண்ட ஒரே வாக்குமூலம் பைஜாமா என்கிறது. தீர்ப்பு நிற்பதோ ஐந்து துணிகள் மேல். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டே தீர்ப்பு எழுதினார்கள்.

மேல்முறையீட்டின்போது டோக்கியோ உயர் நீதிமன்றத்தில் அந்தப் பேண்டை ஹகமாடாவைப் போட்டுக்காட்டச் சொன்னார்கள். ஒருமுறை அல்ல, மூன்று முறை. தொடைக்கு மேல் ஏறவில்லை. அதற்கும் விளக்கம் தயாராக இருந்தது: சிறையில் அவர் உடம்பு போட்டுவிட்டார், மிசோவில் ஊறிய துணி சுருங்கிவிட்டது. பேண்டின் பட்டியில் 'பி' என்ற எழுத்து இருந்தது. பருத்த உடம்புக்கான அளவு அது, ஆகவே ஒருகாலத்தில் பொருந்தியிருக்கும் என்றது அரசுத் தரப்பு. உண்மையில் அந்த எழுத்து அளவே அல்ல, துணியின் நிறத்தைக் குறிப்பது. தயாரித்த கம்பெனிக்காரர் அதைப் போலீசிடம் அப்போதே சொல்லியிருந்தார். அந்த வாக்குமூலத் தாள் அரசுத் தரப்பின் கையிலேயே இருந்தது. நீதிமன்றத்துக்கு வரவில்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கும் காட்டப்படவில்லை. 1976-ல் உயர் நீதிமன்றமும் 1980-ல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தன.

முதல் தீர்ப்பை எழுதிய மூன்று நீதிபதிகளில் இளையவர் நொரிமிச்சி குமாமோட்டோ. 2007-ல் அவர் பகிரங்கமாகவே பேசினார். ஹகமாடா குற்றவாளி என்று நான் நம்பவில்லை, மற்ற இருவரும் ஒரு பக்கம் நின்றதால் தோற்றேன், தீர்ப்பை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது என்றார். தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே பதவியை விட்டு விலகியவர் அவர். நீதிபதிகள் தங்களுக்குள் நடந்த ஆலோசனையை வெளியே சொல்லக் கூடாது என்பது ஜப்பானியச் சட்டம். அதை மீறித்தான் சொன்னார். அந்தப் பேச்சால் சட்டப்படி எதுவும் நடக்கவில்லை. தீர்ப்பு எழுதியவரே தப்பு என்றாலும், அது 'புதிய சான்று' ஆகாது.

இந்தப் 'புதிய சான்று' என்ற சொல்லில்தான் சிக்கல் எல்லாம். தீர்ப்பு இறுதியான பிறகு வழக்கை மறுபடி திறக்க வேண்டுமானால், நிரபராதி என்று காட்டக்கூடிய தெளிவான சான்று புதிதாகக் கிடைத்திருக்க வேண்டும். 1975-ல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்ற கொள்கை மறுவிசாரணைக்கும் பொருந்தும் என்று சொன்னது. அந்தத் திறப்பு வழியாகத்தான் மெண்டா, ஸைடாகவா, மட்சுயாமா, ஷிமாடா என்ற நான்கு வழக்குகளின் தூக்குக் கைதிகள் 1983-க்கும் 1989-க்கும் இடையில் விடுதலையானார்கள். அதற்கப்புறம் கதவு மூடிக்கொண்டது. 35 ஆண்டுகள் ஒரு தூக்குக் கைதிகூட அப்படி வெளியே வரவில்லை.

சான்றுகளைச் சேகரிப்பது போலீஸ், வைத்திருப்பது அரசு வழக்கறிஞர். மறுவிசாரணை கேட்கும் கைதிக்கு அவற்றைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை. மறுவிசாரணையைப் பற்றிய பிரிவுகள் மொத்தமே 19. போருக்கு முந்தைய சட்டத்திலிருந்து பெரும்பாலும் அப்படியே எடுத்துப் போட்டவை. கைதி தேட வேண்டிய 'புதிய' பொருள், எதிராளியின் அலமாரியில் பழையதாகவே கிடக்கிறது. காட்டச் சொல்லி வற்புறுத்தும் நீதிபதி வாய்த்தால் அதிர்ஷ்டம். அப்படியே போராடி மறுவிசாரணைக்கு உத்தரவு வாங்கினாலும், அதை எதிர்த்து அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யலாம்.

ஹகமாடாவின் முதல் மறுவிசாரணை மனு 1981-ல் போடப்பட்டது. அது முழுமையாகத் தள்ளுபடியாக 27 ஆண்டுகள் ஆயின. 2008-ல் இரண்டாவது மனு. இம்முறை போட்டவர் அவருடைய அக்கா ஹிடெகோ. ஏனென்றால் அதற்குள் ஹகமாடாவின் மனம் சிதைந்துவிட்டது.

ஜப்பானில் தூக்குக் கைதிக்குத் தேதி முன்கூட்டிச் சொல்வதில்லை. அன்று காலைதான் தெரியும். காலை நேரத்தில் காவலரின் காலடி எந்தக் கதவு முன் நிற்கிறது என்று காது கொடுத்துக் கேட்பது அங்கே தினசரி வாழ்க்கை. தண்டனை உறுதியான காலத்தில், பக்கத்து அறைக்காரரைக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று ஒருநாள் பதறிச் சொன்ன தம்பி, அப்புறம் மெல்ல மெல்ல வேறு ஆளாகிப் போனதை ஹிடெகோ பலமுறை சொல்லியிருக்கிறார். மின்அலைகளால் தாக்குகிறார்கள் என்றார். நான்தான் கடவுள் என்றார். எனக்கு அக்கா கிடையாது என்று சொல்லிப் பார்க்கவே மறுத்த ஆண்டுகளும் உண்டு. பெற்றோர் முதல் தீர்ப்புக்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. ஹிடெகோ கணக்கு எழுதும் வேலை பார்த்துக்கொண்டு, கல்யாணம் செய்துகொள்ளாமல், தம்பி பார்க்க வந்தாலும் வராவிட்டாலும் டோக்கியோ சிறைக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

இரண்டாவது மனுவின்போதுதான் அலமாரி திறந்தது. நீதிமன்றத்தின் வற்புறுத்தலில் சுமார் 600 சான்றுகள் வெளியே வந்தன. அவற்றில் தொட்டியிலிருந்து எடுத்த துணிகளின் வண்ணப் படங்களும் இருந்தன. பார்த்தவர்களுக்கு முதலில் பட்டது துணியின் நிறம். ஓராண்டுக்கு மேல் மிசோவில் கிடந்ததாகச் சொன்ன வெள்ளைத் துணி இன்னும் வெளுப்பாகவே இருந்தது. ரத்தம் சிவப்பாக இருந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், ஹகமாடா கைதானது 1966 ஆகஸ்டில். அதோடு, கொலை நடந்த அடுத்த மாதமே அந்தத் தொட்டியில் புதிய மிசோ நிரப்பிவிட்டார்கள். அவர் ஒளித்து வைத்திருந்தால் அதற்கு முன்பே வைத்திருக்க வேண்டும். துணி ஓராண்டுக்கு மேல் ஊறியிருக்க வேண்டும். அவ்வளவு காலம் ஊறவில்லை என்றால் வைத்தது வேறு யாரோ. அந்த நேரத்தில் ஹகமாடா கம்பிக்குள் இருந்தார். நடுவில் வேறு வழி கிடையாது.

ஆதரவாளர்கள் தங்கள் ரத்தத்தையே துணியில் தடவி மிசோவில் புதைத்துப் பார்த்தார்கள். சிவப்பு தங்கவில்லை, கருத்துவிட்டது. அறிவியல் விளக்கம் பிற்பாடு வந்தது: மிசோவின் உப்பும் அமிலமும் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினை மாற்றிவிடுகின்றன, சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பழுப்பைக் கூட்டுகின்றன. இட்லி மாவை மூன்று நாள் வெளியே வைத்தாலே என்னென்னவோ ஆகும் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஆனால் நீதிமன்றத்தில் அதைப் பேராசிரியர்கள் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

2014 மார்ச் 27-ம் தேதி ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றத்தின் ஹிரோவாகி முராயாமா மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். சட்டையில் இருந்த ரத்தம் ஹகமாடாவுடையது அல்ல என்ற மரபணுச் சோதனையும் அப்போது துணைநின்றது. துணிகள் ஜோடிக்கப்பட்டவையாக இருக்கலாம், இனியும் இவரை அடைத்து வைப்பது பொறுக்க முடியாத அநீதி என்று சொல்லி, அன்றே வெளியே விட்டார். கைதாகி ஏறத்தாழ 48 ஆண்டுகள். வயது 78. வெளியே வந்தாரே தவிர, சட்டப்படி அவர் இன்னும் தூக்குக் கைதிதான். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2018-ல் டோக்கியோ உயர் நீதிமன்றம் மரபணுச் சோதனை முறை நம்பத்தக்கதல்ல என்று உத்தரவை ரத்து செய்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம், ரத்தத்தின் நிறத்தை மட்டும் சரியாக ஆராயுங்கள் என்று திருப்பி அனுப்பியது. ஐந்து நீதிபதிகளில் இருவர், இதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது, இப்போதே மறுவிசாரணையைத் தொடங்கலாம் என்றார்கள். மூவர் பக்கம் வென்றது. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் மறுபடி கதவைத் திறந்தது. 2014-ல் சொன்னதையே திரும்பச் சொல்ல 9 ஆண்டுகள். 80 வயது தாண்டிய ஒருவரின் வழக்கில் 9 ஆண்டுகள்.

மறுவிசாரணையிலும் அரசுத் தரப்பு மரண தண்டனையே கேட்டது. ஹகமாடா வரும் நிலையில் இல்லாததால் கூண்டில் அவருக்குப் பதிலாக ஹிடெகோ நின்று, தம்பி நிரபராதி என்று சொன்னார். 2024 செப்டம்பர் 26-ம் தேதி நீதிபதி கோஷி குனி தீர்ப்பு வாசித்தார். புலனாய்வுத் தரப்பு மூன்றை ஜோடித்திருக்கிறது என்றது தீர்ப்பு: அந்த ஒற்றை ஒப்புதல் வாக்குமூலம், ஐந்து துணிகள், பெற்றோர் வீட்டில் 'கிடைத்த' துண்டுத்துணி. அதாவது தண்டனையைத் தாங்கி நின்ற கால்கள் அத்தனையும். இவ்வளவு காலம் ஆனதற்கு நீதிமன்றத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்ட நீதிபதி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 91 வயது ஹிடெகோவிடம் சொன்னார்.

அரசுத் தரப்புத் தலைமை அதிகாரி நவோமி உனெமோட்டோ அக்டோபர் 8-ம் தேதி மேல்முறையீடு செய்யமாட்டோம் என்று அறிவித்தார். ஹகமாடாவை நீண்ட காலம் நிலையற்ற சட்ட நிலையில் வைத்ததற்கு வருந்துவதாகவும் சொன்னார். அதே அறிக்கையில், துணிகள் ஜோடிக்கப்பட்டவை என்ற முடிவு எங்களுக்குப் பெரும் அதிருப்தி தருகிறது, தீர்ப்பில் பல குறைகள் இருக்கின்றன என்றும் எழுதியிருந்தார். மன்னிப்பா முணுமுணுப்பா என்று படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஷிசுவோகா மாகாணப் போலீஸ் தலைவர் வீட்டுக்கே போய் இருவர் முன் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார்.

2025 மார்ச்சில் இழப்பீடு முடிவானது: 21 கோடியே 73 லட்சத்து 62 ஆயிரத்து 500 யென். நாளொன்றுக்கு 12,500 யென் என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு. அதை அடைபட்டிருந்த 17,389 நாளால் பெருக்கியிருக்கிறார்கள். ஜோடிப்புக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று அரசு மீதும் மாகாணம் மீதும் அதே ஆண்டு அக்டோபரில் வேறு வழக்கு தொடரப்பட்டது. சான்றுகளைக் காட்டக் கட்டாயமாக்குவது, மறுவிசாரணை உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்வதைத் தடுப்பது என்ற இரண்டு கோரிக்கைகளும் இந்த வழக்கால்தான் நாடாளுமன்ற வாசல் வரை வந்தன.

ஹகமாடா அக்காவோடு ஹமமட்சு நகரில் இருக்கிறார். விடுதலையான புதிதில் வீட்டுக்குள்ளேயே பல மணி நேரம், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருப்பாராம். சிறை அறையில் நடந்த அதே நடை.

அவர் உயிரோடு இருந்ததால்தான் இந்தத் தீர்ப்பு அவர் காதுக்கு எட்டியது. ஜப்பானில் இதோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு வழக்கு உண்டு, இஸுகா வழக்கு. 1992-ல் ஃபுகுவோகா மாகாணத்தில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கு. அதில் தண்டனை பெற்றவர் கடைசிவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 2006-ல் தண்டனை உறுதியாகி, இரண்டே ஆண்டில், 2008 அக்டோபர் 28-ம் தேதி தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகப் பயன்பட்ட மரபணுச் சோதனை முறையேதான் அஷிகாகா வழக்கு என்ற வேறொரு கொலை வழக்கிலும் பயன்பட்டது. அங்கே தண்டனை ஆயுள். 2009-ல் மறுசோதனை செய்தபோது மரபணு பொருந்தவில்லை, அந்தக் கைதி உயிரோடு வெளியே வந்தார். இஸுகா வழக்கில் மனைவி போட்ட முதல் மறுவிசாரணை மனு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இரண்டாவது மனுவை 2024 ஜூனில் ஃபுகுவோகா மாவட்ட நீதிமன்றம் தள்ளியது. மரபணுவை மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்றால், அன்று எடுத்த மாதிரி முதல் சோதனைகளிலேயே தீர்ந்துவிட்டது.